சிறு குழுவாக அமைதி ஜெபம்: எந்த முறையில் தொடங்குவது, எப்படி நடத்துவது?

வேளச்சேரி வாசகி கேட்டது:

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் எட்டுப் பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை அமைதி ஜெபத்துக்கு உட்காரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான்கு பேர் சி.எஸ்.ஐ., மூன்று பேர் கத்தோலிக்கர், ஒருவர் பெந்தெகொஸ்தே. ஜெபக்கூட்டம் எல்லாருக்கும் பழக்கம்தான்: பாட்டு, வசனம், விண்ணப்பம், கடைசியில் காபி. அரை மணி நேரம் பேசாமல் தேவசமுகத்தில் இருப்பதுதான் யாருக்கும் பழக்கமில்லை.

லெக்சியோ டிவினா, சென்டரிங் பிரேயர், இயேசு ஜெபம், எக்ஸாமென் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. வாரத்துக்கு ஒன்றாக எல்லாவற்றையும் பார்ப்பதா, ஒன்றையே பிடித்துக்கொள்வதா? ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? எங்களில் பயிற்சி பெற்றவர் யாரும் இல்லை, நடத்துவது யார்? பெந்தெகொஸ்தே சகோதரரின் பாஸ்டர், "இது யோகா, மனதை வெறுமையாக்கினால் வேறு ஏதாவது வந்து குடியேறும்" என்று சொல்லியிருக்கிறாராம். அவருக்கு என்ன பதில் சொல்வது? இடம் இரண்டாம் மாடி ஃபிளாட்டின் ஹால், சனிக்கிழமை மாலை.

---

சாந்தோம் வட்டாரம் பதில்:

சகோதரி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். புது முறை என்றால் முதல் இரண்டு வாரமும் "சரியாகத்தான் செய்கிறேனா" என்பதிலேயே மனம் ஓடும். அந்தப் பதற்றம் அடங்குகிற நேரத்தில் அடுத்ததுக்குத் தாவினால், இரண்டு மாதம் கழித்து எட்டு முறைகளின் பெயர் தெரிந்திருக்கும், ஒன்றிலும் உட்காரத் தெரிந்திருக்காது. ஒரே முறையை எட்டு வாரமாவது நடத்துங்கள். உங்களுடையது கலப்புக் குழு, அதனால் லெக்சியோ டிவினாவில், அதாவது வேதபகுதியை மெதுவாக வாசித்துச் செபிக்கும் முறையில், தொடங்குவது நல்லது. கையில் இறைவார்த்தை இருக்கும்போது எந்தச் சபையாருக்கும் நெருடல் வராது.

12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் துறவி இரண்டாம் குய்கோ இதை நான்கு படிகள் உள்ள ஏணியாக எழுதிவைத்தார்: வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலை செபம். அது அறையில் தனியாக இருக்கும் துறவிக்கு எழுதியது. குழுவில் அதையே ஒரே பகுதியை நான்கு முறை வாசிப்பதாக மாற்றிக்கொள்கிறோம்.

முதல் வாசிப்பு வெறுமனே கேட்பதற்கு. முடிந்ததும் இரண்டு நிமிட மௌனம். பிறகு ஒவ்வொருவரும் தன்னைப் பிடித்து நிறுத்திய ஒரு சொல்லை அல்லது சொற்றொடரை மட்டும் சொல்ல வேண்டும். "எழுந்து" என்றால் "எழுந்து", அவ்வளவுதான். ஏன் என்று சொல்லக் கூடாது. இரண்டாம் வாசிப்பு வேறொரு குரலில். முதலில் ஆண் வாசித்திருந்தால் இப்போது பெண். மூன்று நிமிட மௌனம். அந்தச் சொல் இன்று என் வாழ்க்கையில் எதைத் தொடுகிறது என்று ஆளுக்கு ஓரிரு வாக்கியம். மூன்றாம் வாசிப்புக்குப் பின் மூன்று நிமிடம். இப்போது கடவுளிடம் பேசுவது, விரும்பினால் ஒரே வாக்கியமாக வாய்விட்டு. நான்காம் வாசிப்புக்குப் பின் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். ஐந்து முதல் பத்து நிமிடம் சும்மா இருங்கள். ஏணியின் மேற்படி இதுதான். அதைக் கால அட்டவணை போட்டு வரவழைக்க முடியாது. இடம் ஒழித்து வைப்பது மட்டுமே நம் வேலை.

பகுதி ஐந்து முதல் பத்து வசனம் போதும். மாற்கு 10:46–52 (பார்வையற்ற பர்த்திமேயு) ஏழு வசனம். தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பகுதி கிடைப்பது கடினம். திருப்பாடல் 131 மூன்றே வசனம். எசாயா 43:1–4, லூக்கா 10:38–42 இரண்டும் நன்றாக அமையும். ரோமையர் 9 முதல் 11 வரையிலான வாதப் பகுதிகளைத் தொடாதீர்கள், அது வேதபாட வகுப்பாகிவிடும். ஊதாரி மகன் உவமையும் முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டாம். 22 வசனம் என்பதோடு, அதைப் பற்றி இதுவரை கேட்ட மறையுரைகள் எல்லாம் தலைக்குள் சேர்ந்து பேச ஆரம்பிக்கும்.

வாசிப்பவர் முன்கூட்டியே பென்சிலால் நிறுத்தங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் வாக்கியங்களில் வினை கடைசியில்தான் வரும். தப்பான இடத்தில் மூச்சு வாங்கினால் கேட்பவர் அந்தரத்தில் தொங்குவார். பழைய மொழிபெயர்ப்பில் மாற்கு 10:50ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு", நிறுத்தம், "எழுந்து", நிறுத்தம், "இயேசுவினிடத்தில் வந்தான்", நீண்ட நிறுத்தம். மூன்று செயல்கள், மூன்று நிறுத்தங்கள். திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கிற வேகத்தில் பாதி வேகம் சரியாக இருக்கும். நாடகக் குரல் வேண்டாம்.

சி.எஸ்.ஐ.க்காரர் கையில் பழைய மொழிபெயர்ப்பு இருக்கும், கத்தோலிக்கர் கையில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. ஒரே கூட்டத்தில் இரண்டையும் கலந்தால் காது சொல்லை விட்டுவிட்டு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் அது, மறுவாரம் இது. பகுதியை ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். போனில் வேதாகமம் திறந்தால் கூடவே வாட்ஸ்அப்பும் திறக்கும்.

இன்னொன்று. கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த செபம் சொல்லலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். "பரமண்டலங்களிலிருக்கிற" என்று நான்கு பேரும் "விண்ணுலகிலிருக்கிற" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினால், இருபது நிமிட அமைதி இரண்டே நொடியில் கலைந்துவிடும். ஒருவர் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்டு ஆமென் சொல்லட்டும்.

---

கீழ்ப்பாக்கம் மௌனி பதில்:

லெக்சியோவைப் பற்றி மேலே சொன்னதில் ஓரிடத்தில் மாறுபடுகிறேன். எட்டு வாரமும் லெக்சியோ மட்டும் என்றால் குழுவுக்குப் பகிர்வதுதான் ருசியாகிவிடும், மௌனம் இரண்டு பேச்சுகளுக்கு நடுவில் வரும் இடைவேளையாகிவிடும். முதல் வாரத்திலேயே தனியாக ஐந்து நிமிட மௌனத்தை வைத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினால் ஏழாம் வாரத்தில் இருபது நிமிடம் வந்துவிடும். எடுத்த எடுப்பில் இருபது என்றால் மூன்றாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அந்த மௌனத்தில் என்ன செய்வது என்பதில் இரண்டு முறைகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்துச் சொல்கிறேன்.

சென்டரிங் பிரேயர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஸ்பென்சர் ஊர் டிராப்பிஸ்ட் மடத்தில் 1970களில் வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன், தாமஸ் கீட்டிங் மூவரும் உருவாக்கியது. 14ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஆங்கிலத் துறவி ஒருவர் எழுதிய "அறியாமையின் மேகம்" என்ற நூல்தான் அதற்கு வேர். ஒரு குறுஞ்சொல்லைத் தேர்ந்துகொள்கிறோம்: அப்பா, இயேசு, வாரும், இப்படி ஏதாவது. உள்ளே இருக்கும் கடவுளின் பிரசன்னத்துக்கும் அவர் செயலுக்கும் நான் சம்மதிக்கிறேன் என்பதற்கு அந்தச் சொல் ஓர் அடையாளம். கண்ணை மூடி, அமர்ந்து, சொல்லை உள்ளுக்குள் மெல்லச் சொல்கிறோம். எண்ணத்தில் சிக்கிக்கொண்டது தெரிந்ததும் அதே சொல்லுக்கு மெதுவாகத் திரும்புகிறோம். சிக்கவில்லை என்றால் சொல்லே தேவையில்லை. முடிந்ததும் இரண்டு நிமிடம் கண்மூடியபடி இருந்துவிட்டுத்தான் எழ வேண்டும். ஒரு வேளைக்குக் குறைந்தது இருபது நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை என்பது அவர்கள் பரிந்துரை.

பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெயின் (1926–1982) கற்றுக்கொடுத்தது வேறு. அதில் சொல் தொடக்கம் முதல் முடிவு வரை இடைவிடாமல் ஓடும். "மாரநாதா" என்ற அரமேயச் சொல்லைப் பரிந்துரைத்தார். ஆண்டவரே வாரும் என்று பொருள். மா–ர–நா–தா என்று நான்கு அசைக்கும் ஒரே அழுத்தம். தமிழ் நாக்கு "ர"வை விழுங்கி "மார்நாதா" ஆக்கிவிடும், கவனியுங்கள். இருபது முதல் முப்பது நிமிடம், காலையும் மாலையும்.

முதலாவதில் சொல் அவ்வப்போது வரும், இரண்டாவதில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே அறையில் இரண்டு வகையினரும் உட்காரலாம், வெளியே தெரியாது. ஆனால் ஒருவர் ஒரு காலத்தில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். உட்கார்ந்த பிறகு சொல்லையும் மாற்றக் கூடாது. "இந்தச் சொல் இன்று ஒட்டவில்லை" என்று தோன்றுவதும் இன்னொரு எண்ணம்தான்.

எங்கே கெடுகிறது? முதலாவது தூக்கம். சோபா வேண்டாம், முதுகு நிமிர்ந்த நாற்காலி, பாதம் தரையில். சம்மணம் போட்டால்தான் தியானம் என்றில்லை, கால் மரத்துப்போனால் கடைசி ஐந்து நிமிடமும் காலைப் பற்றிய தியானம்தான். அடுத்தது மதிப்பெண் போடுவது: இன்று நன்றாக இருந்தது, போன வாரம் மோசம். எண்ணம் ஐம்பது முறை வந்து ஐம்பது முறை திரும்பியிருந்தால் அது தோல்வி அல்ல, திரும்பியதுதான் செபம். மூன்றாவது, மூச்சை வேண்டுமென்றே இழுத்துப் பிடிப்பது. தலைசுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். மூச்சு தன்பாட்டில் போகட்டும்.

இடத்துக்கு வருவோம். சென்னையில் ஆறு மணி கொசுவின் நேரம். ஐந்தரைக்கே ஜன்னலை மூடிவிட்டு ஏழு மணிக்குத் தொடங்குங்கள். கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், மூடிய ஹாலில் யாராவது இரும ஆரம்பித்தால் நிற்காது. ஃபேன் ஓடட்டும், தாள் பறக்காமல் மேலே ஏதாவது வையுங்கள். காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வீட்டுக்காரர் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வந்து உட்காரக் கூடாது. அவர் செபிக்கமாட்டார், விசில் எண்ணுவார். போன்கள் எல்லாம் இன்னொரு அறையில். நேரம் பார்க்கும் ஒரு போன் மட்டும் ஃப்ளைட் மோடில், மெல்லிய மணியோசையோடு, மரமேசையில் அல்லாமல் துணிமேல். வெளியே ஹார்ன், கோயில் ஒலிபெருக்கி, மேல்மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் இருக்கும். அவற்றை எண்ணங்களைப் போலவே நடத்துங்கள்.

கால அளவு: கூடி அமர ஐந்து நிமிடம், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் தெய்சே பாணிப் பாட்டு ஐந்து, இரண்டு வாசிப்போடு சுருக்கிய லெக்சியோ இருபது, மௌனம் இருபது, எழுமுன் இரண்டு, பகிர்வு பதினைந்து, முடிப்பு மூன்று. மொத்தம் எழுபது நிமிடம். காபி அதற்குப் பிறகு, சமையலறைப் பக்கம். ஹாலிலேயே கொடுத்தால் மௌனம் முடிவதற்குள் ஒருவர் டம்ளர் எடுத்துவைக்கப் போய்விடுவார்.

நடத்துபவருக்குப் பயிற்சி வேண்டியதில்லை, ஒரு தாள் போதும். எப்போது என்ன வாக்கியம் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு, ஆள் மாறி மாறி அதை அப்படியே வாசியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்த வாரம் யார் வீடோ அவர் நடத்தக் கூடாது.

---

ஆவடி பெரேயன் பதில்:

ஸ்தோத்திரம் சகோதரி. அந்தப் பாஸ்டர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பெருக்கி ஜோடித்து வெறுமையாய் விடப்பட்ட வீட்டைப் பற்றி மத்தேயு 12:43–45இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பற்றி மத்தேயு 6:7 இருக்கிறது. யோசுவா 1:8, சங்கீதம் 1:2 இரண்டிலும் தியானம் என்பது வேதத்தின்மேல் செய்யும் தியானம். மேலே எழுதியவர் ஜான் மெயின் என்று சொன்னார். அவர் அந்த முறையை முதலில் மலாயாவில் ஓர் இந்து சுவாமியிடம் கற்றார் என்பதை ஏன் சொல்லவில்லை? குழுவில் சேரும் எளிய விசுவாசிக்கு அது தெரிய வேண்டாமா?

மௌனத்துக்கு நான் எதிரி அல்ல. "தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது" என்று சங்கீதம் 62 சொல்கிறது. அது யாரை நோக்கி அமர்ந்திருப்பது என்று தெரிந்த மௌனம். லெக்சியோவில் எனக்குத் தடையில்லை. வசனமே இல்லாத இருபது நிமிடத்தில்தான் தடை. உங்கள் பெந்தெகொஸ்தே சகோதரர் அதற்கு உட்காரவில்லை என்றால் அவரை விசுவாசக் குறைவுள்ளவராகப் பார்க்காதீர்கள்.

---

கீழ்ப்பாக்கம் மௌனி பதில்:

பிரதர், மறைக்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஜான் மெயின் 1950களில் மலாயாவில் பணியில் இருந்தபோது சுவாமி சத்யானந்தாவிடம் இதைக் கற்றார். துறவியான பிறகு யோவான் காசியானின் எழுத்தில் இதற்கு இணையானதைக் கண்டார். இரண்டையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் மாதம் யாரோ ஒருவர் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்டால் குழு அன்றைக்கே உடையும்.

காசியான் 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்; எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் கேட்டதை எழுதினார். அவருடைய பத்தாம் உரையாடலில் இடைவிடாமல் சொல்லச் சொல்வது ஒரு வசனம்: சங்கீதம் 70:1. "தேவனே, என்னை விடுவியும்; கர்த்தாவே, எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்." வசனமில்லாத மௌனம் வேண்டாம் என்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. முதல் பாதியை மூச்சு உள்ளே போகும்போதும் இரண்டாம் பாதியை வெளியே வரும்போதும் இயல்பாக விட்டால் போதும். இது முழு வாக்கியம், யாரை நோக்கி என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இயேசு ஜெபமும் அப்படித்தான்: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." பர்த்திமேயுவின் கூக்குரலும் லூக்கா 18:13இல் வரும் ஆயக்காரனின் ஜெபமும் சேர்ந்தது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை நூற்றாண்டுகளாகக் காத்துவருகிறது. இதைக் குழுவாகவும் செய்யலாம். இங்கிலாந்தின் எசெக்ஸில் ஆர்க்கிமாண்ட்ரைட் சோஃப்ரனி 1959இல் தொடங்கிய மடத்தில், மங்கிய வெளிச்சத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல மற்றவர்கள் கேட்டபடி நிற்கிறார்கள். பிறகு அடுத்தவர் தொடர்கிறார். எட்டுப் பேர் குழுவில் ஆளுக்கு இருபத்தைந்து முறை, அவசரமில்லாமல் சொன்னால் அரை மணி நேரத்துக்குமேல் போகும். பத்துப் பத்தாகச் சொல்லித் தொடங்குங்கள். எண்ணிக்கைக்கு முடிச்சுக் கயிறு உதவும். மூச்சையும் இதயத்துடிப்பையும் இதோடு பிணைக்கும் பயிற்சிகள் அந்த மரபில் உண்டு. வழிகாட்டி இல்லாமல் அவற்றில் இறங்காதீர்கள் என்று எச்சரிப்பதும் அதே மரபுதான்.

மத்தேயு 6:7 கண்டிப்பது, அதிகம் பேசினால் கேட்கப்படும் என்ற நினைப்பை. கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). வெறுமையைப் பற்றி: கத்தோலிக்கருக்கும் இதே கவலை உண்டு. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபரில் கிறிஸ்தவத் தியானம் குறித்து ஒரு மடல் வெளியிட்டது. கையெழுத்திட்டவர் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட். கீழை நாட்டு முறைகளில் உள்ள நல்லதை ஏற்கலாம் என்று சொல்லும் அதே மடல், உடல் அமைதியடைவதால் வரும் இதமான உணர்வைத் தூய ஆவியின் ஆறுதல் என்று எண்ணிக்கொள்ளாதே என்றும் எச்சரிக்கிறது. நடத்துபவர் மாதம் ஒருமுறையாவது இந்த இரண்டாம் பகுதியைக் குழுவுக்கு நினைவூட்டலாம்.

வாசகி அவர்களே, அந்தச் சகோதரரை அவருடைய பாஸ்டரோடு மோதவிடாதீர்கள். நடத்தும் தாளை அப்படியே அவர் கையில் கொடுத்து, பாஸ்டரிடம் காட்டச் சொல்லுங்கள். எழுதியதைப் பார்த்தால் பாதிப் பயம் தெளியும். மீதிப் பாதி இருந்தால் அவர் சங்கீதம் 70:1ஓடு உட்காரட்டும்.

---

தாம்பரம் அக்கா பதில்:

எல்லாரும் மௌனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இப்படிப்பட்ட குழு மௌனத்தில் உடைவதில்லை, மௌனத்துக்குப் பிறகு வரும் பதினைந்து நிமிடத்தில்தான் உடைகிறது. நம் ஜெபக்கூட்டப் பழக்கம் முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் திரும்பி வரும்.

முதலில் சாட்சி. ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னால், அது ஏன் தொட்டது என்று தொடங்கி, 2009இல் ஆஸ்பத்திரியில் இருந்த கதைக்குப் போய்விடுவார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வையுங்கள். நடத்துபவர் "நன்றி அண்ணா" என்று சொல்லி அடுத்தவரைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு எல்லாரும் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். வயதில் மூத்தவரை நிறுத்த நமக்குக் கூச்சம், அதனால் முதல் வாரமே விதியாகச் சொல்லிவிட்டால் பிறகு மனவருத்தம் இல்லை.

அடுத்தது அறிவுரை. ஒருவர் "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வறட்சியாக இருந்தது" என்பார். உடனே மூன்று பேர் வைத்தியம் சொல்வார்கள். வேண்டாம். ஒருவர் பகிர்ந்ததற்கு யாரும் பதில் பேசக் கூடாது, தலையசைப்பு போதும். "நாம் எல்லாரும் என்ன செய்ய வேண்டும் என்றால்" என்று தொடங்கும் வாக்கியத்துக்கும் அனுமதியில்லை. "நான்" என்று தொடங்கத் தெரியாவிட்டால் அன்று சும்மா இருக்கலாம். சும்மா இருப்பதற்கும் முழு உரிமை உண்டு.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது: "கர்த்தர் உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னார்." இருபது நிமிடம் மௌனமாக இருந்த மனது இளகியிருக்கும். அந்த நேரத்தில் இன்னொருவர் வாழ்க்கையைப் பற்றி, திருமணம், வேலை, குழந்தை எதைப் பற்றியானாலும், தீர்க்கதரிசனம்போல் ஒன்றைச் சொன்னால் அது ஆழமாகப் பதியும், தப்பாக இருந்தால் அதே ஆழத்துக்குக் காயப்படுத்தும். இந்தக் குழுவில் அதற்கு இடமில்லை என்று எழுதியே வையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் கிருபை குறையும் என்று யாராவது வாதாடினால் அவர் தன் சபையில் செய்துகொள்ளட்டும்.

விண்ணப்பங்களைப் பேசாதீர்கள். வாசலில் ஒரு பெட்டி, சிறு தாள்கள். எழுதிப் போட்டால் நடத்துபவர் முடிவில் மொத்தமாக ஒப்புக்கொடுப்பார். வாய்மொழியாகக் கேட்டால் பக்கத்து வீட்டுச் செய்தியெல்லாம் ஜெபக்குறிப்பாக வரும். வாட்ஸ்அப் குழுவில் தேதி, இடம், வேதபகுதி மூன்று மட்டும்; "காலை வணக்கம்" படமும் வேண்டாம். பகிர்ந்தது வெளியே போகக் கூடாது, பங்குத்தந்தை, ஆயர், பாஸ்டர் யாரிடமும்.

மௌனத்தில் ஒருவர் அழுதால்? சூழ்ந்துகொள்ளாதீர்கள், தலையில் கை வைக்காதீர்கள், பாட்டுத் தொடங்காதீர்கள். பக்கத்தில் தண்ணீரும் கைக்குட்டைத் தாளும் முன்பே இருக்கட்டும். முடிந்த பிறகு ஒருவர் மட்டும் தனியாகப் போய், "பரவாயில்லையா, யாராவது கூட இருக்கட்டுமா" என்று கேட்டால் போதும். அண்மையில் நெருங்கியவரை இழந்தவர், கடும் மனச்சோர்வில் இருப்பவர், பழைய வன்முறையின் நினைவுகள் துரத்துபவர் ஆகியோருக்குக் கண்மூடிய நீண்ட மௌனம் எல்லா நேரமும் நல்லதல்ல. அடக்கிவைத்தவை மேலே வரும். அவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்க, எழுந்து பால்கனிக்குப் போக, ஐந்து நிமிடத்தோடு நிறுத்த அனுமதி உண்டு என்று தொடக்கத்திலேயே எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள், ஆளைச் சுட்டாமல். மருந்து சாப்பிடுபவர் "இப்போது ஜெபம் இருக்கிறதே" என்று நிறுத்தக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அது ஜெபக்குழு தாங்கும் விஷயமல்ல; அன்றே மருத்துவர், அல்லது சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு மையமான ஸ்நேகா.

எட்டுப் பேர் சரியான எண்ணிக்கை. பத்தைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். வாரம் மூன்று பேர்தான் வருகிறார்கள் என்றாலும் நடத்துங்கள். "எல்லாரும் வரும்போது வைத்துக்கொள்ளலாம்" என்று ஒருமுறை தள்ளினால் அது பழக்கமாகிவிடும்.

---

வேளச்சேரி வாசகி:

எல்லாருக்கும் நன்றி. "கர்த்தர் சொல்லச் சொன்னார்" பற்றி எழுதியதை முதலாம் விதியாகவே வைக்கப்போகிறோம். இரண்டு கேள்விகள் மீதி. சனிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் வீட்டில் என்ன செய்வது? வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வேளை இருபது நிமிடம் நடக்கிற காரியமில்லை. எக்ஸாமென் அதற்கு ஒத்துவருமா? இன்னொன்று, எப்போதாவது வழிகாட்டி தேவைப்பட்டால் யாரிடம் போவது?

---

சாந்தோம் வட்டாரம் பதில்:

எக்ஸாமென், அதாவது நாளின் முடிவில் அந்த நாளைக் கடவுளோடு திரும்பிப் பார்க்கும் செபம், அதற்காகவே வைத்ததுபோல் இருக்கும். லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளில் (1548இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சானது) ஐந்து படிகள் சொல்லியிருக்கிறார். நன்றி சொல்வது; என் பாவங்களை அறிய அருள் கேட்பது; எழுந்ததிலிருந்து இந்த நேரம்வரை இன்றைய நாளை ஒவ்வொரு மணியாகப் பின்தொடர்வது, எண்ணம், சொல், செயல் என்று; மன்னிப்புக் கேட்பது; நாளைக்குத் திருத்திக்கொள்ளத் தீர்மானிப்பது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

எல்லாரும் தவறுவது மூன்றாம் படியில். நாளைப் பின்தொடராமல், உறுத்துகிற ஒரே சம்பவத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பதினைந்து நிமிடமும் மேலதிகாரியோடு மனத்துக்குள் சண்டை. அதனால் நாளைத் துண்டுகளாக்குங்கள்: வீட்டில் காலை, பஸ் அல்லது ரயில், மதியச் சாப்பாட்டுக்கு முன், பின், திரும்பும் வழி, இரவு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிமிடம்; எங்கே கடவுளை நோக்கி நகர்ந்தேன், எங்கே விலகினேன் என்பது மட்டும். இரண்டாவது தவறு, முதல் படியைச் சடங்காக்குவது. "எல்லாவற்றுக்கும் நன்றி" என்றால் எதற்கும் நன்றி சொல்லவில்லை. இன்று நடந்த மூன்றைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். குற்றவுணர்வு ஏற்கனவே அதிகமுள்ளவர்கள் நன்றிக்குப் பாதி நேரம் கொடுக்கட்டும். அவர்களுக்கு மூன்றாம் படி தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் கோலாகிவிடும்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை லெக்சியோவுக்குப் பதில் இதைக் குழுவாகச் செய்யலாம். நடத்துபவர் ஒவ்வொரு படியையும் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் விட வேண்டும். நான்காம் படியைப் பற்றி யாரும் பகிரக் கூடாது, அது கடவுளுக்கும் அவரவருக்கும்.

வழிகாட்டிக்கு, மந்தைவெளியில் இயேசு சபையினரின் தியான ஆசிரமம் இருக்கிறது. இஞ்ஞாசியார் வழியில் தியானம் நடக்கும் இடம். இரண்டு மூன்று நாள் விலகி இருக்க விரும்பினால் குளித்தலை அருகே காவிரிக்கரையில் தண்ணீர்ப்பள்ளி சச்சிதானந்த ஆசிரமம் (சாந்திவனம்). பிரெஞ்சுக் குருக்கள் மொன்ஷனான், அபிஷிக்தானந்தா இருவரும் 1950இல் தொடங்கியது. பிற்காலத்தில் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் இருந்தார். அங்கே வழிபாட்டில் இந்திய வடிவங்கள் நிறைய இருக்கும். பெந்தெகொஸ்தே சகோதரரைக் கூட்டிக்கொண்டு போவதானால் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் எக்ஸாமெனைப் படுக்கையில் படுத்தபடி தொடங்காதீர்கள், மதியச் சாப்பாட்டைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடும். இரவுச் சாப்பாடு முடிந்து, படுப்பதற்கு அரை மணி முன்பு, நாற்காலியில்.